தாய்ப்பத்திரம் வரை: அமெரிக்காவில் குடியேறிய முதல் ஆங்கிலேயர்களிடம் வம்சம் தேடுவது எப்படி?

என் மகளை பாஸ்டனுக்கு அருகே ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். பேத்தி பிறந்த ஆண்டு நானும் என் மனைவியும் 6 மாதம் அங்கே தங்கினோம். மாப்பிள்ளையின் பாட்டிக்கு அப்போது 84 வயது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "எங்கள் முன்னோர் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்கள்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவருக்கு அத்தை சொன்னாராம். அத்தைக்கு அவருடைய பாட்டி சொன்னாராம்.

நான் 30 ஆண்டுகள் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் மூலப்பத்திரம் சரிபார்த்தவன். ஒரு மனை விலைக்கு வந்தால், இன்று விற்பவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு அது எப்படி வந்தது என்று ஒவ்வொரு பத்திரமாகப் பின்னோக்கிப் போய்த் தாய்ப்பத்திரத்தைத் தொட வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனாலும் சொத்தில் வில்லங்கம் என்றுதான் எழுதிக் கொடுப்பேன். வம்சம் தேடுவதும் இதே வேலைதான். மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து 4 ஆண்டுகள் தேடினோம். நாங்கள் போன வழியை, தடுக்கி விழுந்த இடங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். அமெரிக்கக் குடும்பங்களில் பெண் கொடுத்த, பெண் எடுத்த தமிழ்க் குடும்பங்கள் இன்று நிறைய. அந்தப் பேரப்பிள்ளைகளின் மறுபாதி வேரை அறிந்துகொள்வது நமக்கும் உரிய கடமை என்று நான் நினைக்கிறேன்.

தொடங்கும் முன்: எந்தக் காலம், எந்தக் கரை?

1607 மே மாதம் நூற்றுச் சொச்சம் பேர் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கினார்கள். ஆங்கிலேயர்களின் நிலைத்த முதல் குடியேற்றம் அதுவே. 1620இல் மேஃபிளவர் கப்பல் 102 பயணிகளோடு வந்தது. பிளிமத்தில் குடியேறிய அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். 1630இல் ஜான் வின்த்ரப் தலைமையில் 11 கப்பல்கள் மாசசூசெட்ஸுக்கு வந்தன. அதிலிருந்து 1640 வரை கப்பல் கப்பலாகக் குடும்பங்கள் வந்து இறங்கின. இந்தப் பெரும் குடிபெயர்வில் நியூ இங்கிலாந்துக்கு, அதாவது மாசசூசெட்ஸும் அதைச் சுற்றியும் உள்ள வடகிழக்குப் பகுதிக்கு, வந்தவர்கள் சுமார் 20,000 பேர். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நெருங்கியதும் வரத்து நின்றுபோனது.

இந்த எண்களை மனத்தில் வையுங்கள். ஒரு கப்பலில் பிழைத்த ஐம்பது பேர் எங்கே, இருபதாயிரம் பேர் எங்கே? "மேஃபிளவர்" என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தால், அது பெரும்பாலும் 1630களில் வந்த வேறொரு கப்பலாகவே இருக்கும். பாட்டி சொல்லும் கப்பல் தவறாக இருந்தாலும் காலம் சரியாக இருக்கலாம். ஆகவே அந்தப் பேச்சைத் தள்ளிவிடாதீர்கள். அப்படியே எழுதி, யார் யாரிடம் கேட்டது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அவர்கள் வந்து இறங்கியது ஆளில்லாத நிலம் அல்ல. பிளிமத் இருந்த இடம் வாம்பனோவாக் மக்களின் பட்டுக்செட் என்ற ஊர். 1616க்கும் 1619க்கும் இடையே பரவிய கொள்ளைநோயில் அந்த ஊரே அழிந்திருந்தது. நீங்கள் புரட்டப்போகும் நிலப்பத்திரங்களில் தொல்குடித் தலைவர்களின் பெயர்களும் வரும். அவற்றையும் படியுங்கள்.

முதல் படி: குழந்தையிடமிருந்து பின்னோக்கி

புகழ்பெற்ற ஒரு முன்னோரைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழே இறங்கி வராதீர்கள். பெரும்பாலோர் கெடுவது இங்கேதான். குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று 1630இன் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால், இடையில் உள்ளவற்றையெல்லாம் மனம் தானாக வளைத்துப் பொருத்திவிடும்.

இன்றைய குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் தொடங்குங்கள். அதில் பெற்றோர் பெயர் இருக்கும். பெற்றோரின் திருமணச் சான்று, அவர்களுடைய பிறப்புச் சான்று, தாத்தா பாட்டியின் இறப்புச் சான்று என்று ஒவ்வொரு தலைமுறையாகப் போக வேண்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் தேதியும் ஊரும் தேடுங்கள். இவற்றைவிட முக்கியமானது, "இவர் இன்னாருடைய பிள்ளை" என்று சொல்லும் ஓர் ஆவணம். நமக்குப் பெயருக்கு முன்னாலேயே அப்பாவின் இனிஷியல் நிற்கிறது. அவர்களுக்கு அது கிடையாது. அந்த இனிஷியலைத்தான் ஒவ்வொரு தலைமுறைக்கும் தேடிப் பிடிக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூத்தவர்களிடம் இப்போதே பேசி ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பழைய புகைப்படங்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். குடும்ப பைபிள் இருந்தால் அது பெரிய சொத்து, ஏனென்றால் அதன் நடுப்பக்கங்களில் பிறப்பு, இறப்புகளை எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. ஆனால் முதலில் அந்த பைபிள் அச்சான ஆண்டைப் பாருங்கள். எங்களுக்குக் கிடைத்த பைபிள் 1840களில் அச்சானது. அதில் 1790கள் முதல் பிறப்புகள் எழுதப்பட்டிருந்தன. எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே மை. நடந்தபோது எழுதியவை அல்ல, யாரோ ஒருவர் பின்னாளில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதியவை. சாட்சியம் சாட்சியம்தான், ஆனால் வலு குறைவு.

பிறப்பு இறப்புப் பதிவு எல்லா மாநிலங்களிலும் ஒரே காலத்தில் தொடங்கவில்லை. மாசசூசெட்ஸ் 1841இலேயே மாநில அளவில் தொடங்கிவிட்டது. ஒஹையோவில் மாவட்ட அளவில் 1867, மாநில அளவில் 1908. வர்ஜீனியா 1853இல் தொடங்கி, 1896இல் விட்டு, 1912இல் மீண்டும் எடுத்தது. உங்கள் மாநிலத்தின் ஆண்டைத் தெரிந்துகொண்டு தேடினால் வீண் அலைச்சல் குறையும்.

இரண்டாம் படி: மக்கள்தொகைக் கணக்கு

அமெரிக்காவில் 1790 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 72 ஆண்டுகள் கழித்துத்தான் தாள்களைப் பொதுப்பார்வைக்குத் தருவார்கள். 1950ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஏப்ரலில் வெளிவந்தது. அங்கிருந்து பின்னால் போகலாம். 1880 முதல் குடும்பத் தலைவருக்கு இவர் என்ன உறவு என்பது பதிவாகியிருக்கிறது. பெற்றோர் பிறந்த மாநிலமும் இருக்கும். 1890ஆம் ஆண்டுத் தாள்கள் 1921இல் வாஷிங்டனில் ஏற்பட்ட தீயில் சிக்கிப் பெரும்பாலும் அழிந்துபோயின. ஆகையால் 1880க்கும் 1900க்கும் இடையே ஒரு தலைமுறையே நழுவிவிடும். நகர முகவரிக் கையேடுகளும் நாளிதழ்களின் இரங்கல் செய்திகளும் அங்கே கைகொடுக்கும்.

இவற்றை ஃபேமிலிசர்ச் என்ற தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். கட்டணத் தளங்களுக்குப் பணம் கட்டும் முன் உங்கள் ஊர் நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்கள் இலவசமாகத் திறந்துவிடுகின்றன.

மூன்றாம் படி: 1850 என்ற பள்ளம்

1850 கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக வீட்டிலிருக்கும் எல்லோருடைய பெயரும் வருகிறது. அதுவும் சுதந்திர மக்களுக்கு மட்டும். அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களின் பெயர்கள் 1870இல்தான் வருகின்றன. அவர்களுடைய வம்சத்தைத் தேடுவோர் அதற்கு முன்னால் உரிமையாளரின் உயிலிலும் சொத்துப் பட்டியலிலும் தேட வேண்டிய கொடுமை இருக்கிறது. ஆங்கிலேயக் குடியேறிகளின் ரத்தம் அந்தக் குடும்பங்கள் பலவற்றிலும் ஓடுகிறது.

1840க்கும் அதற்கு முன்பும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். மற்றவர்கள் இத்தனை வயதில் ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று வெறும் கோடுகளாக நிற்பார்கள். போதாக்குறைக்கு, ஜனங்கள் இடம்பெயர்ந்த காலமும் இதுவே. புரட்சிப் போர் என்று அவர்கள் சொல்லும் அமெரிக்க விடுதலைப் போர் 1783இல் முடிந்ததும் நியூ இங்கிலாந்தின் இளைய மகன்கள் நல்ல நிலம் தேடி வெர்மான்ட், மேற்கு நியூயார்க், ஒஹையோ என்று கிளம்பிவிட்டார்கள். 1640ஐ நிறுவுவதைவிட 1800ஐ நிறுவுவது கடினம். கேட்க வியப்பாக இருக்கும், ஆனால் இதில் இறங்கியவர்கள் எல்லோரும் இதையே சொல்வார்கள். உங்கள் உழைப்பில் பாதியை இங்கே செலவிடத் தயாராக இருங்கள்.

நாங்கள் ஒஹையோவிலிருந்து மேற்கு நியூயார்க் வரை எளிதாக வந்துவிட்டோம். அங்கே ஒரு விவசாயி, 1820 கணக்கில் பெயர் இருக்கிறது. மாசசூசெட்ஸில் பிறந்தவர் என்று அவர் மகனின் பதிவு சொல்கிறது. மாசசூசெட்ஸில் அதே பெயரில், அதே வயதில் 4 பேர். எவர் நம்மவர்? ஓராண்டு இப்படியே போனது.

கடைசியில் வழி திறந்தது ஒரு பத்திரத்தால். மாசசூசெட்ஸின் எசெக்ஸ் மாவட்ட நிலப்பதிவேட்டில், இறந்துபோன ஒரு தந்தையின் பண்ணையில் தங்களுக்குள்ள பாத்தியதையை மூத்த சகோதரனுக்கு விட்டுக்கொடுத்து மற்ற பிள்ளைகள் எழுதிய பத்திரம். நம் ஊர் விடுதலைப் பத்திரம்தான். மகள்கள் தங்கள் கணவர்களின் பெயரோடு வரிசையாக வருகிறார்கள். நான்காவது பெயருக்குப் பக்கத்தில் "நியூயார்க் மாநிலம் ஒன்டாரியோ மாவட்டத்தில் வசிப்பவன்" என்று இருந்தது. நம் விவசாயியின் ஊர் அந்த மாவட்டத்தில்தான். அந்த வரியை மாப்பிள்ளை சத்தமாகப் படித்தார். நான் திரும்பப் படிக்கச் சொன்னேன். எத்தனையோ விடுதலைப் பத்திரங்கள் என் கையால் கடந்து போயிருக்கின்றன. ஒரு பத்திரத்தைப் பார்த்துக் கண் கலங்கியது அன்றுதான்.

எனவே இந்தப் பள்ளத்தைத் தாண்ட நிலப்பத்திரங்களையும் வாரிசுக் கோப்புகளையும் நம்புங்கள். உயில் இருந்தால் பிள்ளைகளின் பெயர் கிடைக்கும். உயில் இல்லாமல் இறந்திருந்தால் இன்னும் நல்லது, பாகப்பிரிவினையில் வாரிசுகள் எல்லோரும் வருவார்கள். குடியேற்றக் கால மாசசூசெட்ஸில் அப்படிப் பிரிக்கும்போது மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. யார் மூத்தவன் என்பது பங்கின் அளவிலேயே தெரிந்துவிடும். பதிவேட்டில் இருப்பது எழுத்தர் பார்த்தெழுதிய நகல். வாரிசுக் கோப்பில் இருப்பவை பெரும்பாலும் அசல் தாள்கள். கைநாட்டுக்குப் பதிலாக அக்காலப் பெண்கள் போட்ட சிறு குறிகளை அதில் பார்க்கலாம். ஃபேமிலிசர்ச் 2024இல் ஒரு புதிய வசதியைத் திறந்தது. பழைய கையெழுத்தை இயந்திரமே படித்து, பத்திரத்தின் நடுவில் சாட்சியாக வரும் பெயரைக்கூடத் தேடித் தருகிறது. அட்டவணையில் இல்லாத பெயர்களுக்கு இது பெரிய வரம்.

புரட்சிப் போர் வீரர்களின் ஓய்வூதியக் கோப்புகளையும் விடாதீர்கள். 1832 சட்டத்தின்படி வீரர்களும் 1836 சட்டத்தின்படி விதவைகளும் விண்ணப்பித்தார்கள். திருமணத்தை நிரூபிக்க வேண்டிய விதவைகள் குடும்ப பைபிளின் பக்கங்களைக் கிழித்தே இணைத்திருக்கிறார்கள்.

லிங்கன் தாண்ட முடியாமல் நின்ற இடம்

ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனுக்கே தன் வம்சம் தெரியாது. தாத்தா வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்கு வந்தவர், அவருக்கு முந்தையவர்கள் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் மாவட்டத்தார் என்பது வரைதான் தெரியும். மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊரில் லிங்கன் என்ற குடும்பம் இருந்தது. அங்கிருந்து 1848இல் ஒருவர் விசாரித்து எழுதியபோது ஆபிரகாம் லிங்கனால் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரு குடும்பங்களிலும் மோர்டெகாய், சாலமன், லீவை என்று ஒரே மாதிரிப் பெயர்கள் வருகின்றன, அதற்குமேல் ஒன்றும் கிடைக்கவில்லை என்று 1859இல் எழுதினார். பெயர் ஒற்றுமையைப் பார்த்ததும் உறவென்று முடிவுகட்டாமல் நிறுத்திக்கொண்டாரே, அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

அவர் காலத்துக்குப் பிறகு ஆய்வாளர்கள் வழியைக் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள ஹிங்கமிலிருந்து 1637இல் மாசசூசெட்ஸ் ஹிங்கமுக்கு வந்த சாமுவேல் லிங்கன். அவர் மகன் மோர்டெகாய். அவர் மகன் இன்னொரு மோர்டெகாய், நியூ ஜெர்சி வழியாகப் பென்சில்வேனியா போனவர். அவர் மகன் ஜான் வர்ஜீனியாவுக்குப் போனார். ஜானின் மகன் ஆபிரகாம், கென்டக்கியில் 1786இல் கொல்லப்பட்டவர். அவர் மகன் தாமஸ், அவர் மகன்தான் ஜனாதிபதி. இந்தத் தொடரில் ஜானுக்கும் அவர் தந்தைக்கும் இடையிலான கண்ணி நிலத்தால் உறுதியானது. தந்தை உயிலில் தந்த நியூ ஜெர்சி நிலத்தை ஜான் பின்னாளில் விற்றபோது, தான் மோர்டெகாயின் மகன் என்று பத்திரத்தில் சொன்னார். ஊர் மாறினார்கள், மாநிலம் மாறினார்கள், நிலம் பேசியது.

நான்காம் படி: ஊர்ப் பதிவேடுகளும் அவற்றின் கண்ணிகளும்

நியூ இங்கிலாந்துக்குள் வந்துவிட்டால் காற்று மாறும். மாசசூசெட்ஸில் 1639 முதலே பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிய வேண்டும் என்று ஆணை இருந்தது. 1850 வரையிலான ஊர்ப் பதிவுகளை அகரவரிசைப்படுத்திப் புத்தகங்களாகவே அச்சிட்டிருக்கிறார்கள். பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் ஊர்ப் பதிவுகளுக்கும் பார்பர் தொகுப்பு என்று இதேபோல ஒன்று இருக்கிறது. அகரவரிசை வசதியானது, ஆனால் ஒரே வீட்டுக் குழந்தைகள் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்த அசல் வரிசையை அது கலைத்துவிடுகிறது. அச்சில் பார்த்ததும் அசல் பக்கத்தின் படத்துக்குப் போய்விடுங்கள். தேவாலயங்களின் ஞானஸ்நான ஏடுகளைப் பாஸ்டனின் காங்கிரகேஷனல் நூலகம் இணையத்தில் ஏற்றிவருகிறது.

இங்கே கவனமாக இருக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, தேதி. 1752 வரை ஆங்கிலேயருக்குச் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஜனவரி, பிப்ரவரி எல்லாம் பழைய ஆண்டின் கடைசி மாதங்கள். எனவே 10 பிப்ரவரி 1641/42 என்று இரட்டை ஆண்டு போடுவார்கள். நியூ இங்கிலாந்தில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர் மாதப் பெயரையே எழுதாமல் எண் போட்டார்கள்: முதல் மாதம் மார்ச், 11ஆம் மாதம் ஜனவரி. 1641இன் 2ஆம் மாதம் திருமணம், 11ஆம் மாதம் குழந்தை என்று ஏட்டில் இருந்தால், 1641 ஏப்ரலில் திருமணம், 1642 ஜனவரியில் குழந்தை. இது தெரியாமல் 1641 ஜனவரி என்று எழுதி, திருமணத்துக்கு முன்பே பிள்ளை பெற்றதாக ஒரு பெண்ணின் மேல் பழிபோட்ட வம்சாவளிகளை நான் பார்த்திருக்கிறேன். தேதியை ஏட்டில் உள்ளபடியே எழுதுங்கள், மாற்றிய தேதியைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள்.

இரண்டு, சீனியர், ஜூனியர். இன்று இவை தந்தையையும் மகனையும் குறிக்கும். அன்று ஊரில் ஒரே பெயர்க்காரர் இருவர் இருந்தால் மூத்தவர் சீனியர், இளையவர் ஜூனியர், அவ்வளவுதான். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். சீனியர் இறந்ததும் ஜூனியர் சீனியர் ஆகிவிடுவார். நான் இதில் ஏமாந்தேன். 2 மாத உழைப்பை வேறொரு குடும்பத்துக்குச் செலவழித்தபின், அந்த "மகன்" பிறந்தபோது "தந்தை"க்கு 11 வயது என்பது தெரியவந்தது. தலைமுறை சேர்த்ததும் வயதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

மூன்று, உறவுச் சொற்கள். சித்தப்பா, மாமா, அத்தான், கொழுந்தன் என்று நம்மிடம் தனித்தனிச் சொற்கள். ஆங்கிலம் அன்றைக்கு இன்னும் தாராளமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டு உயிலில் கசின் என்பது அண்ணன் மகனாகவும் இருக்கலாம். மருமகன் என்று பொருள்தரும் சொல் மனைவியின் முந்தைய கணவனுடைய மகனையும் குறிக்கும். சகோதரன் என்பது சபையில் உடன் தொழுபவனாகவும் இருக்கலாம். பெயர் வைப்பதில் மட்டும் நம் வழக்கம் அவர்களிடமும் உண்டு. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். குழந்தை இறந்தால் அடுத்து பிறக்கும் குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். ஆகவே ஒரு பெயரின் பிறப்புப் பதிவைக் கண்டதும் மகிழ்ந்துவிடாமல், அந்தக் குழந்தை பிழைத்ததா என்று இறப்புப் பதிவில் பாருங்கள்.

எழுத்துக்கூட்டல் பற்றிக் கவலை வேண்டாம். ஒரே எழுத்தர் ஒரே பக்கத்தில் ஒரு பெயரை மூன்று விதமாக எழுதுவார்.

ஐந்தாம் படி: கப்பலிலிருந்து இறங்கியவர்

1630களின் தலைமுறையை எட்டிவிட்டால் நல்ல செய்தி: இங்கே வேலையில் பாதியைப் பிறர் செய்து வைத்திருக்கிறார்கள். 1845இல் பாஸ்டனில் தொடங்கிய நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம், இன்று அமெரிக்கன் ஆன்செஸ்டர்ஸ் என்ற பெயரில், 1620 முதல் 1635 வரை வந்த ஒவ்வொரு குடும்பத்தைப் பற்றியும் ஆவணத்தோடு தொகுத்திருக்கிறது. அதற்கு அடுத்து 1640 வரை வந்தவர்களுக்கு ஒரு விவரத்திரட்டும் உண்டு. மேஃபிளவர் வம்சத்தினரின் சங்கம் 1897இல் தோன்றியது. பயணிகளின் முதல் ஐந்து தலைமுறைகளை அவர்கள் வெள்ளி நிற அட்டை நூல்களாக வெளியிட்டிருக்கிறார்கள். ஐந்தாம் தலைமுறையில் ஒருவரைத் தொட்டுவிட்டால் மீதி வழி அந்த நூலில் இருக்கும்.

கப்பல் பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்க அரசு வருகைப் பட்டியல் கேட்டது 1820இலிருந்துதான். மேஃபிளவரின் பயணிகளை நாம் அறிவது, ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதிவைத்த பட்டியலால். மற்றவர்களுக்கு 1634, 1635ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்துத் துறைமுகங்களில் எடுத்த சில பதிவுகள் எஞ்சியிருக்கின்றன. பலருக்கு எந்தக் கப்பல் என்று என்றைக்கும் தெரியாது. ஊரில் நிலம் பெற்ற நாள், சபையில் சேர்ந்த நாள், வாக்குரிமை பெற்ற நாள் ஆகியவற்றால்தான் "இந்த ஆண்டுக்குள் வந்துவிட்டார்" என்று சொல்ல முடியும். நீதிமன்ற வாக்குமூலங்களையும் பாருங்கள். சாட்சிகள் தங்கள் வயதைச் சொல்லித்தான் தொடங்குவார்கள்.

வர்ஜீனியா வேறு உலகம். அங்கே ஊர்ப் பதிவேடு இல்லை, நிலப்பட்டா உண்டு. தன் செலவில் ஓர் ஆளைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் என்று ஒரு முறை இருந்தது. அந்த ஆட்களின் பெயர்கள் பட்டாவில் வரும். ஆனால் உரிமையை விற்கலாம், பல ஆண்டு கழித்தும் கோரலாம், ஒரே ஆளை இரண்டு முறை கணக்குக் காட்டியதும் உண்டு. பட்டாவின் ஆண்டு வந்த ஆண்டு ஆகாது. 1635இன் ஒரு பட்டியலில் டோனி என்ற பெயருக்குப் பக்கத்தில் "கிழக்கிந்தியர்" என்று இருக்கிறது. யாரோ நம் பக்கத்து மனிதர், ஐம்பது ஏக்கருக்குக் கணக்காக நிற்கிறார். 1624-25இல் எடுத்த குடிக்கணக்கு தங்கமானது, அதில் பலருக்கு வயது, கப்பல், வந்த ஆண்டு எல்லாம் உண்டு. பல மாவட்ட ஆவணங்கள், பாதுகாப்புக்கென்று ரிச்மண்டுக்கு அனுப்பப்பட்டவையும்கூட, 1865இல் அந்நகரம் எரிந்தபோது போயின. அப்படிப்பட்ட மாவட்டங்களில் பக்கத்து மாவட்டத்திலும் வரிப்பட்டியல்களிலும் தேடுங்கள். பட்டாக்களை வர்ஜீனியா நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது.

ஆறாம் படி: கடலுக்கு அப்பால்

இங்கிலாந்தில் திருச்சபைப் பதிவேடுகள் 1538இல் தொடங்கின. எந்த ஊரில் தேடுவது? குடியேறிய ஊரின் பெயரைப் பாருங்கள். ஹிங்கம், டெடம், இப்ஸ்விச், சட்பரி, பாஸ்டன் எல்லாம் அங்கிருந்து கொண்டுவந்த பெயர்கள். பக்கத்து வீட்டாரையும் தேடுங்கள். ஒரு போதகரின் பின்னால் ஊரே கிளம்பி வந்ததுண்டு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கான்டர்பரி பேராயரின் உயில் நீதிமன்றத்தில் 1858 வரை பதிவான உயில்களைப் படமாகப் பெறலாம். அங்கேயே தங்கிவிட்ட தந்தை "நியூ இங்கிலாந்தில் உள்ள என் மகனுக்கு" என்று எழுதியிருந்தால் அதற்கு மேல் சாட்சி வேண்டாம். அதே பெயரில் ஒரு ஞானஸ்நானம் மட்டும் கிடைத்தால் போதாது.

ஊரைவிட்டு மறைந்துபோகிறவர்களும் உண்டு. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவரும் 1649இல் பாஸ்டனில் பிறந்தவருமான எலிஹு யேலின் திருமணப் பதிவு மாசசூசெட்ஸில் இல்லை, சென்னையில் இருக்கிறது. புனித ஜார்ஜ் கோட்டையின் தூய மேரி தேவாலய ஏட்டில் 1680 நவம்பர் 4ஆம் தேதி, அங்கே பதிவான முதல் திருமணம் அதுதான்.

மரபணுச் சோதனை, பிறர் தந்த வம்சாவளி

1630களுக்கும் இன்றைய குழந்தைக்கும் இடையே சுமார் 12 தலைமுறை. பின்னோக்கிப் போகப் போகத் தலைமுறைக்குத் தலைமுறை முன்னோர் இரட்டிப்பதால் அந்த வரிசையில் 4,096 இடங்கள். சாதாரண மரபணுச் சோதனை ஐந்தாறு தலைமுறைக்கு மேல் நம்பத்தக்க பதில் தராது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் நிறமூர்த்தச் சோதனை பயன்படும், ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரு கிளைகள் ஒன்றா என்று அதில் பார்க்கலாம். எங்கள் தொடர் நடுவில் இரண்டு இடங்களில் பெண் வழி போவதால் எங்களுக்கு அது உதவவில்லை.

இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் வம்சாவளிகளைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அச்சான பழைய நூல்களுக்கும் இதே எச்சரிக்கை. கஸ்டாவ் அன்ஜூ என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணக்காரக் குடும்பங்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு பொய் வம்சாவளி தயாரித்துத் தந்தார். அவை இன்றும் நகல் நகலாக உலவுகின்றன.

கடைசிப் படி: எழுதி வைத்தல்

ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே பெயர், தேதி, ஊர். நடுவில், இவர் இன்னாரின் பிள்ளை என்பதற்கான ஆவணமும் அது இருக்கும் இடமும். கீழே உங்களுக்கு இருக்கும் சந்தேகம். சந்தேகத்தை மறைக்காதீர்கள், அடுத்து தேடுகிறவருக்கு அதுதான் வாசல். ஒரு பிரதியை அந்த ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள்.

எங்கள் கோப்பில் 13 பக்கங்கள். மேஃபிளவர் கிடைக்கவில்லை. 1638க்குள் இப்ஸ்விச்சில் நிலம் பெற்றிருந்த ஒரு விவசாயியில் போய் நின்றது. இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலில் ஓர் இரும்புப் பானை, இரண்டு போர்வை, ஒரு பசு, ஒரு பைபிள். சம்பந்தி வீட்டுப் பாட்டிக்கு அந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினோம். கப்பலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. பசுவைப் பற்றி இரண்டு முறை கேட்டார்.

என் மனைவிதான் கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இந்த மேரி யார் வீட்டுப் பெண்?" என்றாள். முதல் குடியேறியின் மனைவி. பெயர் மேரி, பிறந்த வீட்டுப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. அந்தத் தலைமுறையின் பெண்களில் பலருக்கு அந்தக் கோடுதான். இங்கிலாந்துத் திருமணப் பதிவுகளையும், மருமகன் என்றோ பேத்தி என்றோ ஒரு சொல் வரக்கூடிய உயில்களையும் இப்போது மாப்பிள்ளை அந்த நாட்டின் எசெக்ஸ், சஃபோக் பகுதிகளில் ஊர் ஊராகப் பார்த்துவருகிறார். வாரம் ஒரு திருச்சபை.